இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழ வேண்டும்?

நேற்றிரவு தொலைக்காட்சி விவாதத்தில் பொருளியலாளர் ழான் திரேஸைப் பற்றி, "பெல்ஜியத்துக்காரருக்கு நம் ஊர் வறுமையைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டதையும், நெறியாளர் அதைச் சிரித்தபடி கடந்து போனதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

அவர் 1959இல் பெல்ஜியத்தில் பிறந்தவர்தான். ஆனால் 1979 முதல் அவருடைய வாழ்க்கை இந்தியாவில்தான். டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, டெல்லிப் பொருளியல் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், குடிசைப் பகுதியில் வீடு எடுத்துத் தங்கியவர். 2002இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பின்னர் ராஞ்சியில் இருந்துகொண்டு, ஆதார் இணைப்பு என்ற பெயரில் ரேஷன் மறுக்கப்பட்ட ஜார்க்கண்ட் குடும்பங்களைப் பற்றி எழுதினார். இவருக்கு வறுமை தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

"குடியுரிமை காகிதம்தானே, மண்ணின் உணர்வு வருமா?" என்று சிலர் கேட்பீர்கள். நாம் பிறப்பால் பெற்றதை அவர் தேடி வந்து பெற்றார். அவருடைய முடிவுகளை மறுக்க விரும்பினால் தாராளமாக மறுங்கள், புள்ளிவிவரத்தோடு வாருங்கள். பிறந்த ஊரைச் சொல்லி வாயடைப்பது வாதம் ஆகாது. நம் நியாயவிலைக் கடையையும் சத்துணவையும் நாட்டுக்கே முன்மாதிரி என்று அமர்த்தியா சென்னோடு சேர்ந்து அவர் எழுதியபோது, யாரும் அவருடைய பிறப்பை விசாரிக்கவில்லை. 2021இல் தமிழ்நாட்டு முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றபோது நாம் பெருமைதான் பட்டோம்.

நூறு நாள் வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் உருவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டம் வரும்வரை என் அம்மா காட்டு வேலைக்குப் போய், ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதிக் கூலி வாங்கினார். சட்டம் வந்தபின் கண்மாய்க் கரையில் மண் சுமந்து, முதன்முறையாக ஆண்களுக்குச் சமமாக வாங்கிய கூலியை அன்று முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். வீட்டில் முடிச்சை அவிழ்த்து இரண்டு முறை எண்ணினார். உள்ளங்கையில் மண்வெட்டிக் காய்ப்பு.

அதே விவாதத்தில், அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மனிதர், நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் தூங்குகிறார்கள் என்றும் சொன்னார். பெல்ஜியத்தில் பிறந்தவருக்கு என் அம்மாவின் கை தெரிந்திருக்கிறது. இங்கேயே பிறந்த உங்களுக்கு ஏன் ஐயா தெரியவில்லை?