கொக்கி தேய்ந்ததும் காடு காய்ந்ததும்

2020 ஜூன் மாதம், கலிபோர்னியாவின் ப்யூட் மாவட்ட நீதிமன்றம். காட்டுத்தீயில் இறந்தவர்களின் பெயர்களை நீதிபதி ஒவ்வொன்றாக வாசிக்கிறார், அவரவர் படம் திரையில் வருகிறது. பிஜி அண்ட் இ மின் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பில் ஜான்சன் ஒவ்வொரு பெயருக்கும் நிறுவனத்தின் சார்பில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். 84 முறை. அபராதம் சுமார் 35 லட்சம் டாலர். சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லையாம். சிறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை.

2018 நவம்பர் 8 காலையில் பாரடைஸ் என்ற ஊரையே விழுங்கிய தீ அது. உயிரிழந்தவர்கள் 85 பேர் (ஒருவரின் மரணம் மட்டும் வழக்கில் சேரவில்லை), பெரும்பாலும் வயதானவர்கள். தீ எப்படி வந்தது? மின்கோபுரத்தில் கம்பியைத் தாங்கியிருந்த ஒரு இரும்புக் கொக்கி. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏறக்குறைய நூறு வருடமாகக் காற்றில் ஆடி ஆடித் தேய்ந்து, அன்றைக்கு அறுந்தது. கம்பி கோபுரத்தில் உரசி, பொறி கீழே காய்ந்த புல்லில் விழுந்தது. யாராவது ஏறிப் பார்த்து மாற்றியிருந்தால் தீர்ந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், காட்டுத்தீயைப் பற்றிப் பேசும் பருவநிலைக் கூட்டங்களில் இந்தக் கொக்கி வருவதே இல்லை. "பூமி சூடாகிறது, காடு எரிகிறது, சூரிய மின்சாரத்துக்கு மாறுவோம்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பொய்யில்லை. மேற்கு அமெரிக்கக் காடுகளில் 1984 முதல் 2015 வரை எரிந்த பரப்பு, மனிதரால் வந்த வெப்பம் இல்லாதிருந்தால் எரிந்திருக்கக்கூடியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பாரடைஸில் அந்த இலையுதிர்காலத்து மழை பெய்திருந்தால் அதே கொக்கி அறுந்தும் ஒரு ஊர் அழிந்திருக்காது. ஆனால் "பருவநிலை மாற்றம்" என்று மட்டும் சொல்லும்போது அதிகம் மகிழ்வது யார்? மின் நிறுவனங்கள்தான். இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடலாமே. மின் நிறுவனத்தை மட்டும் திட்டினாலோ, காட்டைக் காய வைத்த எண்ணெய்க் கம்பெனிகள் சத்தமில்லாமல் நழுவிவிடும். இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

பூர்வகுடிகளைச் சேர்க்காமலும் இந்தக் கணக்கு முடியாது. வட கலிபோர்னியாவின் யூரோக், கரூக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறு தீ வைத்துக் காட்டைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள். 1850-லேயே மாநிலச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அன்றிலிருந்து சேர்ந்த சருகும் புதரும்தான் இன்றைய பெருந்தீக்கு எரிபொருள்.

சொனோமா மாவட்டத்தில் 2020-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். தீ நெருங்குகிறது என்று மக்களை வெளியேற்றிய பகுதிக்குள், திராட்சை பறிக்கத் தொழிலாளர்களை அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஆபத்தான புகை, கூலிக்காரருக்கு ஆகாதாம். நார்த் பே ஜாப்ஸ் வித் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு இதை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டியது. அவர்கள் கேட்டவற்றில் ஆபத்துக்காலக் கூடுதல் கூலி, வேலை நின்றால் பேரிடர்க் காப்பீடு, மிஷ்டெக்கோ என்ற மெக்சிகோ பூர்வகுடி மொழி போன்ற அவர்களது தாய்மொழியிலேயே பாதுகாப்புப் பயிற்சி, குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் இருந்தன. பருவநிலை நீதி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தூய ஆற்றலுக்கு வருகிறேன். கூரையில் சோலார், கராஜில் பேட்டரி, வாசலில் மின்கார். இங்கே கலிபோர்னியாவில் உள்ள நம்மாட்களில் பலருக்கு அத்தோடு கடமை முடிந்தது. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரை ஏது? சோலார் மின்சாரமே ஆனாலும் அதே பழைய கம்பியில், அதே பழைய கொக்கியில் தொங்கி வந்தால் பொறி பறக்கத்தான் செய்யும்.

ஹம்போல்ட் மாவட்டத்தில் ப்ளூ லேக் ரான்சேரியா என்ற சிறிய பூர்வகுடிச் சமூகம் வேறு மாதிரி யோசித்தது. சோலார், பேட்டரி இரண்டையும் வைத்துத் தங்களுக்கென்றே ஒரு மைக்ரோகிரிட், அதாவது தனித்தே இயங்கக்கூடிய சிறு மின்வலை, கட்டிக்கொண்டார்கள். 2019 அக்டோபரில் தீ பயத்தில் பிஜி அண்ட் இ மின்சாரத்தை நிறுத்தியபோது மாவட்டமே இருண்டது. இவர்களிடம் விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்க்கில் வண்டிகள் வரிசை கட்டின. மருத்துவக் கருவி இல்லாமல் மூச்சுவிட முடியாத நோயாளிகளை இவர்களது ஹோட்டல் அறைகளில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். தகடு யாருடையது, சுவிட்ச் யார் கையில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தீயின் சேதத்துக்குக் காசு யார் தருவது என்பதில்தான் இயக்கங்கள் தடுமாறுகின்றன. இப்போதைக்குப் பெரும்பாலும் தருவது நாம். மாநிலத்தின் பெரிய மூன்று மின் நிறுவனங்களின் பில்லிலும் காட்டுத்தீ நிதிக்கென்று தனிக் கட்டணமே இருக்கிறது, குறைந்த வருமானக்காரர்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்த கையோடு, பாதிக்கப்பட்டவர்கள் எண்ணெய்க் கம்பெனிகள்மேல் வழக்குப் போட வழிசெய்யும் மசோதா ஒன்று மாநில செனட்டுக்கு வந்தது. ஏப்ரலில் குழு அளவிலேயே விழுந்தது. எதிர்த்து நின்றவர்களில் எண்ணெய்க் கம்பெனிகள் மட்டுமல்ல, கட்டுமானத் தொழிற்சங்கங்களும் இருந்தன. அவர்களைத் துரோகிகள் என்று திட்டிப் பதிவு போடுவது சுலபம். அவர்களின் உறுப்பினர்கள் பலருக்கு எண்ணெய் ஆலைகளில்தான் பிழைப்பு.

ரிச்மண்டிலும் மார்ட்டினெஸிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். ஆலை மூடினால் எங்கள் சம்பளத்துக்கு என்ன வழி என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்கான பதிலை இதுவரை என் கைக்கு வந்த எந்தத் துண்டறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.