ஓட்டக் காலணியின் ஆழமான பற்கள் எல்லாத் தரைக்கும் பொருந்தா
காலணியின் அடிப்பற்கள் (அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் முனைகள்) ஆழமாக இருந்தால் எந்தப் பாதையிலும் பிடிப்பு கூடும், எனவே புதுச்சேரியில் ஓடுபவர்கள் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்று ஒருவர் எழுதியிருப்பது சேற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகள் கோடையில் காய்ந்து இறுகிவிடுவதால், நீண்ட பற்கள் மண்ணில் இறங்க இடமின்றி வளைகின்றன. தரையைத் தொடும் ரப்பர் பரப்பும் குறைவதால் பிடிப்பு தளர்வதோடு, பற்களும் விரைவில் தேய்கின்றன. அங்கே 3 அல்லது 4 மில்லிமீட்டரே போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில் சேற்றில் ஓடுபவருக்குத்தான் ஆழமான, இடைவெளி விட்டு அமைந்த பற்கள் உதவும்.

பல்லின் ஆழத்தைவிடக் கால் அளவையே நான் முதலில் பார்ப்பேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.