பெரியதெல்லாம் ஆளைத் தின்பதில்லை

‘சப்நாட்டிகா’ என்ற கடலடி வீடியோ விளையாட்டு நடக்கும் 4546பி கிரகத்தில் பெரிய உயிரினங்கள் எல்லாமே ஆளைக் கொல்பவை, அவற்றில் மிகக் கொடியது கடல் பேரரசி என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். விளையாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுதியது போலிருக்கிறது.

ரீப்பர் லெவியாதன் கொல்லும், மறுக்கவில்லை. 55 மீட்டர் நீளம். அதன் உறுமலே எதிரொலியைக் கொண்டு இரை தேடும் உத்திதான். நமக்கு அது கேட்கிறது என்றால் அதற்கு நாம் தெரிந்துவிட்டோம் என்று பொருள். ஆனால் ரீஃப்பேக்? முதுகில் ஒரு தோட்டத்தையே சுமந்துகொண்டு முனகியபடி மிதக்கும் சாது. முதன்முதலில் இருட்டில் அந்த முனகலைக் கேட்டு நானும் அலறியடித்துக் கரைக்கு ஓடியவன்தான்.

பேரரசியின் கதையோ நேர்மாறானது. நீரை வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்று வாழும் உயிர் அது. அந்தக் கிரகத்தில் பரவி நம்மையும் தொற்றும் காரா நோய்க்கு மருந்து தேடிய வேற்றுக்கோள்வாசிகள் அதை ஆழத்தில் அடைத்துவைத்தார்கள். நம் மனதோடு பேசி உதவி கேட்பதும் அதுதான். அதன் முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வெளிவர நாம் உதவினால், அவை சுரக்கும் நொதி நம் நோயைத் தீர்க்கிறது. குஞ்சுகள் கடலுக்குப் போனபின் தாய் இறந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டேன், இன்னும் ஆடாதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.