ரோதானியா ஓட்டல் பேரு இல்ல

மூணு நாளா வாயை மூடிட்டு இருக்கணும்னுதான் பார்த்தேன். முடியல.

எந்த வீடியோன்னு உங்களுக்கே தெரியும். லிங்க் போட்டு நானே இன்னும் நாலு வியூ வாங்கிக் கொடுக்க மாட்டேன். "அரபுக் குதிரையை உருவாக்கிய 10 தந்தைகள்." மெசவூத், ஸ்கோவ்ரோனெக், நசீர், பாஸ்க்னு வரிசையா பத்து ஆண்குதிரை, பின்னாடி முரசுச் சத்தம். பத்துக்கும் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பாளே, ஒருத்தி பேரு கூடக் கிடையாது. நான் மரியாதையாத்தான் கீழ எழுதினேன்: "தம்பி, நல்ல உழைப்பு. ரோதானியா, தஜானியா, பின்த் ஹெல்வா மாதிரி தாய்களையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்." அதுக்கு வந்த பதில்தான் இப்ப எல்லா குரூப்புலயும் ஸ்க்ரீன்ஷாட்டா சுத்துது. "அக்கா, ரோதானியாங்கிறது ஓட்டல் பேரா? விதைதான் முக்கியம், நிலம் எதுவா இருந்தா என்ன?" கூடவே கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மை மூணு.

நானூத்திச் சொச்சம் லைக். அதுல ரெண்டு பேரு, வம்சாவளித் தாளை எப்படிப் படிக்கணும்னு என்கிட்ட வாட்ஸ்அப்புல கேட்டுக் கத்துக்கிட்டவங்க. பரவால்ல.

நிலம் எதுவா இருந்தா என்னவாம். களர்ல ஒரு போகம் விதைச்சுப் பார்த்துட்டு வந்து பேசு தம்பி.

சரி, விஷயத்துக்கு வரேன். அரபுக் குதிரைக்கு வம்சம்ங்கிறதே தாய் வழிதான். இது நான் கண்டுபிடிச்ச பெண்ணியம் இல்ல, பாலைவனத்து நாடோடி அரபிகளான பதூயின்கள் வெச்ச வழக்கம். கஹைலான், சக்லாவி, அபய்யான், ஹம்தானி, ஹத்பான்னு அவங்க பிரிச்ச குலங்கள்ல குட்டி எந்தக் குலம்? தாய் எதுவோ அது. அப்பன் எந்தக் குலத்துக்காரனா இருந்தாலும் குட்டி பேரு மாறாது. கூடாரத்துக்குள்ள கட்டி வளர்த்ததும், கொள்ளைக்குப் போறப்ப ஏறிப் போனதும் பெட்டையிலதான். ஆண்குட்டியை வித்துருவாங்க. பெட்டையை விக்கிறதுன்னா உயிர் போற மாதிரி. அப்படியே வித்தாலும், "இவ போடுற முதல் பெண்குட்டிகள் எனக்கு"ன்னு பேசிட்டுத்தான் விப்பாங்க. காசு வாங்கின பிறகும் வம்சத்தை விட மாட்டாங்க.

நம்ம பாண்டியர்களும் கடல் வழியா ஆயிரக்கணக்குல இதே அரபுக் குதிரைகளைக் காயல் துறைமுகத்துல இறக்கினவங்கதான். வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருந்ததுன்னா என்ன அர்த்தம்? குதிரை வந்துச்சு, வம்சம் வரல. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

இப்ப ஓட்டல்காரி கதை.

ரோதானியா செம்பழுப்பு நிறம். ருவாலாங்கிற பதூயின் கூட்டத்து இப்னு ரோதானோட கஹைலான் வம்சம். 1881-ல இங்கிலாந்துல கிராபெட்ங்கிற பண்ணைக்குப் போனா. குணம் நல்லா இருக்காதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. (ஆண்குதிரைக்கு இருந்தா "வீரியம்", பெட்டைக்கு இருந்தா "கெட்ட குணம்". விடுங்க.) மூணு பொண்ணுங்க: ரோஸ் ஆஃப் ஜெரிக்கோ, ரோஸ் ஆஃப் ஷாரோன், ரோஸ்மேரி. கிராபெட்ல தாயோட முதல் எழுத்துலதான் குட்டிக்குப் பேரு வைப்பாங்க. அதனால எழுத்தைப் பிடிச்சுக்கிட்டே போகலாம். ரோதானியா மகள் ரோஸ் ஆஃப் ஷாரோன், அவ மகள் ரிதா, அவ மகள் ரிசாலா, அவ மகள் ரிஸ்லா, அவ மகள் ரிஃபாலா, அவ மகன் ராஃபிள்ஸ். 1932-ல அமெரிக்காவுக்குப் போய் அங்க பெரிய பேரு வாங்கினானே, அந்த ராஃபிள்ஸ். ஆறு தாய் தாண்டி ஒரு மகன். ஸ்கோவ்ரோனெக் மகன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அந்த ஆறு பேரும் எங்க போனாங்க?

அந்த ஸ்கோவ்ரோனெக் பேருக்குப் போலிஷ் மொழியில வானம்பாடின்னு அர்த்தம். அதை வீடியோவுல ரெண்டு தடவை சொன்னாரு, ரொம்ப அழகு. அவன் அம்மா பேரு யஸ்கூல்கா, தகைவிலான் குருவி. அம்மாவும் பறவை, மகனும் பறவை. ஒரு செகண்ட் ஆகுமா இதைச் சொல்ல?

தாய் பேரைச் சொல்லு. அவ்வளவுதான் கேட்டேன்.

நசீரைப் பத்தி மூணு நிமிஷம் பேசினவருக்கு பின்த் சமீஹாங்கிற பேரு வாயில வரல. பாஸ்க் அமெரிக்காவைக் கலக்கினான், சரி. அவனைப் பெத்த பாலியாதான் பந்தோலாவையும் பெத்தா. அந்த பந்தோலாவை வெளியூர்க்காரங்க கூட போலந்து யானோவ் பண்ணையோட ராணின்னு சொல்லுவாங்க. மொராஃபிக் நசீர் மகன், அதுவும் சரி. அவன் அம்மா மப்ரூக்கா, பாட்டி மோனியத் எல் நுஃபூஸ். 1946-ல எகிப்துல பிறந்த மோனியத்தைத் தெரியாம எகிப்துக் குதிரையைப் பத்திப் பேசுறது, தாமிரபரணியை விட்டுட்டுத் திருநெல்வேலியைப் பத்திப் பேசுற மாதிரி.

பின்த் ஹெல்வான்னு ஒருத்தி. அலி பாஷா ஷெரீஃபோட கெய்ரோ லாயத்துல 1887-ல பிறந்து, பத்து வயசுல கிராபெட் போனா. அங்க கால் முறிஞ்சுது. குதிரைக்குக் கால் முறிஞ்சா என்ன செய்வாங்கன்னு தெரியும்ல? துப்பாக்கிதான். இவளைச் சுடல. பிழைச்சா, அந்தக் காலோடயே திரும்பக் குட்டி போட்டா. 'கால் முறிஞ்ச பெட்டை'ன்னே பேரு நின்னு போச்சு. எகிப்துல விட்டுட்டுப் போன இவ மகள் கஸாலா வழியில பேத்தி, பேத்தி மகள்னு போய்த்தான் ஷாலூல் வரான், மோனியத்தோட அப்பன். பத்துத் தந்தைகளுக்கு முரசு அடிச்சீங்களே, இவளுக்கு ஒரு தட்டு தட்டியிருக்கலாம்.

இன்னொண்ணு. அமெரிக்காவுல 1908-ல அரபுக் குதிரைப் பதிவேடு ஆரம்பிச்சப்ப முதல் எண் யாருக்குன்னு நினைக்கிறீங்க? 1893 சிகாகோ கண்காட்சிக்கு வந்த நெஜ்துமேங்கிற பெட்டைக்கு. எண் 1.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறவங்களுக்கு: வளைகுடாவுல ஒரு பண்ணை ஆபீஸ்ல ஒன்பது வருஷம் வம்சாவளித் தாள் டைப் பண்ணினவ நான். குதிரை மேல ஏறினது கிடையாது. ஏறச் சொன்னா பயம். ஆனா தாள் தெரியும். ஏ4-ல அஞ்சு தலைமுறை அடிச்சா கடைசிப் பத்தியில 32 பேரு. மேல அப்பன், கீழ அம்மா. அம்மாவோட அம்மாவோட அம்மான்னு போனா ஒவ்வொரு பத்தியிலயும் அடிமட்டத்துல உக்காந்திருப்பா. பிரிண்டர் ஓரம் சரியில்லைன்னா முதல்ல வெட்டுப்படுறது அந்த வரிதான். ஒரு தடவை ஒரு பொலிகுதிரைக்கு விளம்பரப் புத்தகம் அடிச்சு வந்துச்சு. வழவழப்புத் தாள், தங்க எழுத்து, அடி வரி பாதி காணோம். மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். "அதை யாரு பார்க்கப் போறா"ன்னாரு. அடுத்த வாரம் வாங்க வந்த வயசான அரபிக்காரர் ஒருத்தர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரலை நேரா தாளோட அடியில வெச்சாரு. கீழ இருந்துதான் படிக்கவே ஆரம்பிச்சாரு. பாதி எழுத்தைத் தடவிப் பார்த்துட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. திட்டு எனக்குத்தான் விழுந்துச்சு, அது வேற.

அங்க ஒரு வெள்ளைப் பெட்டை இருந்தா, இருபத்தி ரெண்டு வயசு. பேரு வேண்டாம். அவ ஈனுற ராத்திரி பதிவுக்குத் தேதியும் நேரமும் எழுத என்னையும் கூப்பிட்டாங்க. மடிக் காம்புல மெழுகு மாதிரி துளித் துளியா கட்டி நின்னுச்சு. பார்த்துக்கிட்ட ராஜஸ்தான் பெரியவர் அதைப் பார்த்துட்டுத்தான் "இன்னைக்கு"ன்னு சொல்லியிருந்தாரு. பதினோரு மாசம் சுமந்தது கால் மணி நேரத்துல வெளிய வந்துருச்சு. குட்டி எழுந்திரிக்கறதும் விழுறதுமா இருக்க, அவரு அதைத் திரும்பிக் கூடப் பார்க்கல. நஞ்சு விழுற வரைக்கும் காத்திருந்தாரு. விழுந்ததும் சிமெண்டுத் தரையில, காயப் போட்ட கால்சட்டை மாதிரி விரிச்சு வெச்சு, ரெண்டு பக்கத்து நுனியும் முழுசா இருக்கான்னு டார்ச் அடிச்சுத் தடவித் தடவிப் பார்த்தாரு. ஒரு துண்டு உள்ள தங்கினாலும் தாய் போயிருவாளாம். அந்தக் குட்டி பின்னாடி கோப்பை வாங்கிச்சு. விழாவுல பெரிய பேனர், குட்டி படம், அப்பன் படம், முதலாளி படம். அவ பின் கொட்டில்ல புல்லு தின்னுட்டு நின்னா. பெரியவர் விழா கேக் ஒரு துண்டை டிஷ்யூ பேப்பர்ல சுத்திக் கொண்டு போய்க் கொடுத்தாரு. குதிரைக்குக் கேக் கொடுக்கக் கூடாது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இப்ப வரிசையா வருவீங்க, தெரியும்.

"ஆண்குதிரைக்கு நூத்துக்கணக்குல குட்டி, பெட்டைக்குப் பத்தோ பன்னெண்டோ. அப்ப யாரு தாக்கம் அதிகம்?" நியாயமான கேள்வி. எண்ணிக்கையில ஆண்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஆயிரம் ஆண்குட்டியில எதைப் பொலிக்கு வைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணுறாங்க? அதோட அம்மா யாருன்னு பார்த்து. மரபணு ஆளுங்களும் சொல்லுறாங்க: குதிரைகள்ல தந்தை வழி ஒய் குரோமோசோம்ல வித்தியாசம் ரொம்பக் குறைவு, தாய் வழி மைட்டோகாண்ட்ரியாவுல எக்கச்சக்கம். கொஞ்சம் அப்பனுங்க, ஏராளமான அம்மாங்க. விதை ஒரு பொட்டலம்தான் தம்பி, நிலம்தான் ஊர் முழுக்க.

"மைட்டோகாண்ட்ரியாவுல மொத்தமே 37 மரபணுதானே"ன்னு ஒரு டாக்டர் நண்பர் இன்பாக்ஸ்ல வந்தாரு. ஆமா சார். வணக்கம் சார்.

"நபிகளோட அஞ்சு குதிரைக் கதையை நம்புறீங்களா?" தாகத்தோட தண்ணிக்கு ஓடின பெட்டைங்கள்ல கூப்பிட்டதும் திரும்பி வந்த அஞ்சுதான் எல்லா வம்சத்துக்கும் மூலம்ங்கிற கதை. வரலாறா நம்பல. ஒரே குலப் பேரு சொல்லுற குதிரைகள் எல்லாம் ஒரே மூலத் தாயிடம் போகலைன்னு பரிசோதனையிலயே வந்துருச்சு. ஆனா கதை கட்டுறப்ப கூட அவங்க அஞ்சு பெட்டையைத்தான் கட்டினாங்க, அஞ்சு ஆணை இல்ல. அதை யோசிங்க.

"எல்லாத்துலயும் ஆண் பெண் அரசியல் கொண்டு வராதீங்க." கொண்டு வந்தது நானா? அந்த வீடியோவுல கிராபெட் பண்ணை "பிளண்ட் துரை உருவாக்கியது". அவரு பொண்டாட்டி சீமாட்டி ஆன் பிளண்ட் எங்க? அரபி படிச்சு, பாலைவனம் போய், ஒவ்வொரு குதிரையோட வம்சத்தையும் நாட்குறிப்புல எழுதி வெச்சவ. முதல் கணினி நிரல் எழுதினவள்னு கொண்டாடுறோமே ஏடா லவ்லேஸ், அவ மகள். 1917-ல கெய்ரோவுல செத்துப் போனா. அதுக்கப்புறம் குதிரைகளுக்காக அவ மகளுக்கும் அப்பனுக்கும் நடந்த சண்டை கோர்ட்டு வரைக்கும் போய், அப்பன் தோத்தாரு. இத்தனை பெண்கள் இருக்கிற கதையில பெண்களே இல்லாம 22 நிமிஷம் ஓட்டுறதுதான் அரசியல், நான் கேட்ட ஒரு வரி இல்ல.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. மருமக்கள்வழின்னா என்னன்னு எங்க பக்கத்துல சொல்லித் தர வேண்டியதில்ல. சொத்தும் குடும்பப் பேரும் தாய் வழி போன வீடுங்க எங்களோடது. 1926-ல சட்டம் வந்துதான் மாறிச்சு. (அப்பவும் அதிகாரம் மாமன்மார் கையிலதானேன்னு கேப்பீங்க. ஆமா, தெரியும்.) போன வருஷம் குடும்பக் கோயில் கொடைக்கு எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் 'எங்கள் வம்சம்'னு ஃபிளெக்ஸ் அடிச்சு வெச்சான். பாட்டா, அவரு அப்பா, அவரு அப்பான்னு ஏழு கட்டம். எங்க ஆச்சி பேரு இல்ல. கேட்டேன். "எடம் பத்தலக்கா"ன்னான். ஒன்பது பெத்து ஆறைக் காப்பாத்தினவ. எனக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டு, வழிச்ச எண்ணெயைத் தன் கால்ல தேய்ச்சுக்குவா. அவளுக்கு எடம் பத்தல. ஃபிளெக்ஸ்ல கோயில் யானைக்கு எடம் இருந்துச்சு.

குதிரையைப் பத்தி ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன்னு தெரியுது.

நேத்து அந்தத் தம்பி இன்பாக்ஸ்ல வந்தாரு. மன்னிப்புக்கு இல்ல. "அக்கா, பார்ட் 2 போடலாம்னு இருக்கேன், 10 தாய்கள். உங்ககிட்ட லிஸ்ட் இருக்கும்ல? கொஞ்சம் அனுப்புங்க. ஃபோட்டோவோட இருந்தா நல்லது." பேரு போடுவீங்களான்னு கேட்டேன். "கண்டிப்பா, டிஸ்கிரிப்ஷன்ல கடைசியில போட்டுடுறேன்."

கடைசியில. அடி வரியில.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து டைப் பண்ணியிருக்கேன். பத்து போதாது, 23 வந்திருக்கு. இன்னும் அனுப்பல.