வாங்குகிறவரின் முகம் வேண்டாம்

எங்கள் சமுதாயத்து இளம் பிள்ளைகள் கொடுப்பதைப் பற்றி யாராவது எழுதினால் அது ரமலான் மாதமாகத்தான் இருக்கும். நோன்புக் கஞ்சிச் சட்டி, ஃபித்ரா அரிசி, பெருநாள் காலை. ரமலானில் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள். நான் பேச நினைப்பது மற்ற பதினோரு மாதங்களைப் பற்றி. அந்த மாதங்களில் இந்தப் பிள்ளைகள் ஒரு பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்கும்படி கொடுக்கப் பழகியிருக்கிறார்கள். அதைக் கெடுக்கிற ஒரு பழக்கமும் கூடவே வளர்கிறது. இரண்டையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், சம்பளம் வந்த மறுநாள் ஒரு சிறு தொகை ஊர் பைத்துல்மாலுக்கு (ஊரின் பொது உதவி நிதிக்கு) தானாகவே போய்ச் சேரும்படி போனில் ஆட்டோபே போட்டு வைத்திருக்கிறான். அவன் கூட்டாளிகள் பலரும் அப்படித்தான். இருநூறு ரூபாய், ஐநூறு ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறுவதில்லை. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்ற ஹதீஸை (நபிமொழியை) நாங்கள் மதரஸாவில் மனப்பாடம் செய்தோம். இவர்கள் அதை வங்கிக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

மண்ணடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் ராமநாதபுரத்துப் பையன்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊரிலிருந்து ஜிஎச்சுக்கோ ஸ்டான்லிக்கோ யாராவது சிகிச்சைக்கு வந்தால் விடியற்காலை ரயிலடிக்குப் போய் அழைத்து வருவது, ஓபி சீட்டு போடுவது, ஸ்கேன் எந்தக் கட்டடத்தில் என்று காட்டுவது, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் திரட்டுவது, மருத்துவர் சொன்னதை அந்த உம்மாவுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது. இதற்குப் பாதி நாள் லீவு போகும், ஓவர்டைம் போகும். சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தர்மம் கடமை என்று நபி (ஸல்) சொன்னார்கள். ஒருவர் தன் வாகனத்தில் ஏற உதவுவதும், அவர் சாமானை ஏற்றிக் கொடுப்பதும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் அதில் சேரும் என்றார்கள். ஆட்டோவில் ஏற முடியாத பெரியவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றுகிற இருபத்திரண்டு வயதுப் பையனைப் பார்க்கும்போது அந்த ஹதீஸ்தான் எனக்கு நினைவு வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்களில் சமைத்து, இடுப்பளவு தண்ணீரில் பொட்டலம் சுமந்தவர்களும், தண்ணீர் வடிந்த பிறகு கோயில்களுக்குள் சேறு வழித்தவர்களும் இந்த வயதுப் பிள்ளைகள்தான். 2020, 2021 கொரோனாவில் சொந்த உறவுகளே கிட்ட வரப் பயந்த உடல்களை, எந்த மதத்தவர் என்று பார்க்காமல் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், எரியூட்டினார்கள். அது நாடறிந்த செய்தி என்பதால் அதிகம் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருவது ஜகாத், அதாவது சொத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மத்தின் கணக்கு. எங்கள் வாப்பா காலத்தில் ஜகாத் என்பது ‘பணக்காரர் விஷயம்’. கடை வைத்திருப்பவர்கள், சிங்கப்பூர், மலேசியா சபுராளிகள் (பிழைக்கப் போனவர்கள்) ரமலானில் கொடுப்பது. இன்று வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமான பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். தங்கமென்றால் ஏறக்குறைய 11 பவுன், வெள்ளியென்றால் 612 கிராம். அந்த மதிப்புக்கு மேல் இருப்பு ஒரு சந்திர ஆண்டு முழுக்க நின்றால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம். வெள்ளியை அளவுகோலாக எடுத்தால் சேமிப்பு உள்ள பல இளைஞர்களுக்கே கடமையாகிவிடும். மியூச்சுவல் ஃபண்டுக்கு எப்படி, பிஎஃப்புக்கு எப்படி, ஃபிளாட்டுக்குக் கட்டிய அட்வான்ஸுக்கு உண்டா என்று ஹஜ்ரத்துமார்களை (மார்க்க அறிஞர்களை) துளைத்து எடுக்கிறார்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். படித்து வேலைக்குப் போன மாணவிகள் நகைக் கணக்கை என்னிடம் கேட்பார்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). அணிவதற்கென்று அளவோடு வைத்திருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை என்பது அதன் பரவலான நிலைப்பாடு. இன்னொரு பிரிவான ஹனஃபி வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்தில் கிடப்பதற்கும் உண்டு. இதைச் சொன்னவுடன் “அப்ப மாப்பிள்ளைதானே கட்டணும்?” என்று முன்பு கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. நகை யாருடையதோ கடமையும் அவருடையது என்று தெரிந்து, தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். இது சின்ன மாற்றம் இல்லை. தன் சொத்து எவ்வளவு என்று ஒரு பெண் வருடத்துக்கொரு முறை தானே எண்ணிப் பார்க்கிறாள்.

சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைத் தனியாகப் பிரித்து, நன்மையை எதிர்பார்க்காமல் கழிப்பறை கட்டவோ மருத்துவச் செலவுக்கோ தள்ளிவிடுகிறவர்களும் நிறைய. அது தர்மக் கணக்கில் சேராது என்று அவர்களே தெளிவாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கொடுக்கும் முறை மாறியதால் வாங்குகிறவரின் வாழ்க்கை மாறியிருக்கிறது. ரமலான் 27ஆம் இரவன்று பெரிய வீடுகளின் வாசலில் வரிசை நிற்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய்த் தாளுக்கும் ஒரு சேலைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வரிசை உலகம் முழுக்க உயிர் குடித்திருக்கிறது. 2015 ஜூலையில் வங்கதேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்க நின்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தார்கள். 2023 ரமலானில் கராச்சியில் ஒரு தொழிற்சாலையில் பெண்களும் குழந்தைகளும். அதே ரமலானின் கடைசியில் ஏமனின் சனாவில் 70க்கும் மேற்பட்டோர். கடமையை நிறைவேற்றப் போனவர்களின் வாசலில் இத்தனை மையித்துகள் (சடலங்கள்). வரிசையை ஒழித்ததே இந்தத் தலைமுறை செய்த மிகப் பெரிய தர்மம் என்பேன். ஜிபேயில் ஐயாயிரம் போய்ச் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 273ஆம் வசனம் ஒரு வகை ஏழையைப் பற்றிப் பேசுகிறது. அவர் கேட்கமாட்டார், அந்தத் தன்மானத்தைப் பார்த்து விவரம் தெரியாதவர் அவரை வசதியானவர் என்றே நினைப்பார். அப்படிப்பட்டவர் எந்தக் காலத்திலும் வரிசைக்கு வந்ததில்லை. கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் பிள்ளைகளில் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

சரி, கெடுக்கிற பழக்கத்துக்கு வருகிறேன். கேமரா.

தையல் மிஷின் வாங்கும் அக்காவின் முகம், அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்கும் தாத்தாவின் முகம், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் குழந்தையின் முகம். பின்னணியில் ஒரு நஷீத் (இஸ்லாமியப் பாடல்). ரீல்ஸாகப் போடுகிறார்கள். போடுகிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. துபாயிலும் ரியாத்திலும் இருந்து பணம் அனுப்புகிறவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். ஒரே நோயாளியின் படத்தை வைத்துப் பல குழுக்களில் வசூல் செய்கிற மோசடி நடக்கிறது. முகம் போட்டால்தான் பணம் வருகிறது. வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே என்று குர்ஆன் சொல்கிறதே என்றும் கேட்கிறார்கள்.

ஆம், சொல்கிறது. 2:271. மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது என்று அதே வசனம் தொடர்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்னால், சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்கிறது. கொடுத்தவர் தன் பெயரை வெளியே சொல்லட்டும், அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம். வாங்கியவரின் முகத்தை வெளியே போட அவருக்கு என்ன உரிமை? என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்குக் கொடுத்த நோட்டுப் புத்தகப் படம் ஐந்து வருடம் கழித்து, நிச்சயதார்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் போனுக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர்கள் அந்தப் படத்தை எப்போதோ மறந்திருப்பார்கள்.

ஆதாரம் கேட்பது தவறில்லை, நம்பி ஒப்படைத்த அமானிதப் பணம் என்றால் கணக்கு வேண்டும். அதற்கு முகம் எதற்கு? கட்டணத்தைக் கல்லூரியின் கணக்கிலேயே நேராகக் கட்டி, பெயரை மறைத்த ரசீதை அனுப்பலாம். மருத்துவச் செலவை மருத்துவமனை பில்லிங்கில் கட்டலாம். விவரத்தைச் சரிபார்க்க மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) இரண்டு பேர், அதில் ஒரு பெண் கட்டாயம். அவர்களைத் தவிர வேறு யாருக்கும் பெயர் தெரிய வேண்டியதில்லை. மாதக் கடைசியில் வரவு, செலவு, மீதி என்று ஒரு தாள். எங்கள் பக்கத்து ஊர்களின் பைத்துல்மால்கள் இன்ஸ்டாகிராம் வருவதற்கு முன்பே இப்படித்தான் நடந்தன, நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடன் கொடுத்தபோதும் யாருடைய நகை என்று வெளியே வந்ததில்லை.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. ‘குமர் காரியம்’ (மகளின் கல்யாணச் செலவு) என்று ஜமாஅத் கடிதத்தோடு பள்ளிவாசல் பள்ளிவாசலாக ஏறி இறங்கும் வாப்பாமார்களுக்குக் கொடுக்க மாட்டோம், அது வரதட்சணைக்குத்தான் போகிறது என்று பல இளைஞர் குழுக்கள் முடிவெடுத்திருக்கின்றன. அந்த முடிவின் கோபம் எனக்கும் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பைக்குக் கட்டுவதற்கு ஜகாத் இல்லை. ஆனால் அந்த மனிதரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்பவன் அந்த மாப்பிள்ளை. அவன் உங்கள் கூட்டாளிதானே தம்பி? அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், அந்த நிக்காஹ்வுக்கு (கல்யாணத்துக்கு) போகாதீர்கள். வாப்பாவுக்கு, அவர் ஏற்கெனவே வாங்கிய கடனை அடைக்கக் கொடுங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர்.

சிறு தொகைகளைச் சில்லறையாகச் சிதறவிடாதீர்கள் என்றும் கேட்கிறேன். கொடுத்தால் தன்னிறைவு வரும் அளவுக்குக் கொடுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நம் பெரியவர்கள் சேர்த்துக் கொடுத்ததால்தான் 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், அதே ஆண்டு சென்னையில் புதுக் கல்லூரியும் வந்தன. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள். ஐம்பது பேர் மாதம் இருநூறு போட்டால் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அதை நூற்றிருபது மளிகைப் பையாகவும் கொடுக்கலாம். நர்சிங் படிக்கும் ஒரே பிள்ளையைக் கடைசி வருடம்வரை கொண்டுபோயும் சேர்க்கலாம். பசித்தவருக்கு மளிகைப் பை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் குழுக்களில் இரண்டாவது வகை மிகக் குறைவு.

கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் உதவிக் கோரிக்கைகள் குழுக்களில் வரும். போடுகிறவர்கள் பிள்ளையின் பெயர், படம், வாப்பா இறந்த கதை இவற்றை விட்டுவிட்டு, என்ன படிப்பு, எத்தனையாவது வருடம், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, கல்லூரியின் கணக்கு எண் இவற்றை மட்டும் போடுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி என்றால் நேரில் போய் விசாரித்துச் சரிபார்க்க நானும் என்னோடு வேலை பார்க்கும் சிலரும் தயாராக இருக்கிறோம், இன்பாக்ஸில் எழுதுங்கள்.