சிரிக்கிறதுக்காகப் போட்ட படம் இல்லை அது

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நான் ஒரு பழைய ஹாங்காங் குங்ஃபூ படத்தைப் போட்டபோது என்ன நடந்தது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. அந்த ரீலை எல்லோரும் பார்த்தாயிற்று. எனக்கே ஏழு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளோடு. திரையில் ஒருவன் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு நடக்கிறான், கூட்டம் சிரிக்கிறது, கேமரா அப்படியே திரும்பி புரொஜெக்டர் பக்கத்தில் நிற்கும் என் முகத்துக்கு வருகிறது. மேலே 'கிரிஞ்ச் குங்ஃபூ நைட். அண்ணனுக்கு நன்றி' என்று எழுத்து. நன்றாகத்தான் எடிட் செய்திருக்கிறார் தம்பி. கோபமெல்லாம் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது சிரிக்கிறதுக்காகப் போட்ட படம் இல்லை.

எனக்குப் பரிந்து பேச வந்தவர்கள் இன்னும் மோசம். "அண்ணே, அந்தப் படமெல்லாம் அவ்வளவு மட்டமா இருக்கறதாலதான் சூப்பரு" என்று ஒருவர். "மூளையைக் கழட்டி வெச்சுட்டு ஜாலியாப் பார்க்கணும்" என்று இன்னொருவர். ஐயா, நான் மூளையோடுதான் பார்க்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக மூளையோடுதான் பார்க்கிறேன். டப்பிங் கேவலம், ஒட்டுமுடி ஒட்டிய இடம் தெரிகிறது, ரத்தம் ஆசியன் பெயின்ட் நிறத்தில் இருக்கிறது, எல்லாம் எனக்கும் தெரியும். கண் இருக்கிறது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள் என்றுதான் கூப்பிட்டேன். சமோசாவும் நான்தான் வாங்கி வந்தேன்.

நீங்கள் சிரித்த அந்த வாளிக் காட்சிக்கே வருகிறேன். 1978இல் ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோ எடுத்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்'. நாயகன் கோர்டன் லியு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி கைக்கொரு வாளி பிடித்திருக்கிறார்கள் ஷாவோலின் மடத்துச் சீடர்கள். கையின் உட்புறத்தில் கத்தி கட்டியிருக்கிறது. கை கொஞ்சம் தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். இதில் சிரிப்பு எங்கே வந்தது? வீட்டுக்குப் போய் இரண்டு குடத்தில் தண்ணீர் பிடித்து அப்படிக் கையை நீட்டி நின்று பாருங்கள். வேண்டாம், குடம் வேண்டாம். இரண்டு பால் பாக்கெட்.

அந்தப் படத்தின் நடுப்பகுதி முழுக்க இப்படித்தான் போகும். பழிவாங்க வந்த பையன் பழியை மறந்துவிட்டு ஒவ்வோர் அறையாகத் தேறுகிறான். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியில் தண்ணீர், மிதக்கும் கட்டைகள். அதன்மேல் கால் வைத்துத் தாண்டத் தெரிந்தவனுக்குத்தான் சோறு. நீளமான கழியின் நுனியில் கனத்தைக் கட்டி, மணிக்கட்டு பலத்தில் மட்டும் மணியை அடிக்க வேண்டும். தலையால் மணல் மூட்டையை முட்டிக்கொண்டே ஒரு அறையைக் கடக்க வேண்டும். வேறு எந்த ஊர் மசாலாப் படத்தில் ஒருவன் வேலை கற்றுக்கொள்வதை இவ்வளவு நேரம் காட்டியிருக்கிறார்கள்? நம் ஊரில் ஒரு பாட்டு முடிவதற்குள் நாயகன் ஐ.பி.எஸ். ஆகிவிடுவான்.

படத்தை எடுத்த லாவ் கார்-லியுங் சண்டையைத் தன் அப்பாவிடம் கற்றவர். அப்பாவின் வாத்தியார் லாம் சாய்-விங். அவருடைய வாத்தியார் வாங் ஃபெய்-ஹுங், ஹாங்காங்கில் நூறு படங்களுக்குமேல் கதாபாத்திரமாக வந்த நிஜ மனிதர். அதாவது இந்த ஆள் தன் வீட்டு வித்தையைப் படமாக எடுத்திருக்கிறார். அதனால்தான் கேமரா தள்ளி நின்று, தலை முதல் கால் வரை காட்டுகிறது. ஒரே ஷாட்டில் பத்து அடி, பத்துத் தடுப்பு. செய்யத் தெரியாதவன் அந்த ஷாட்டில் நிற்க முடியாது. இப்போது வருகிற படங்களில் ஒரு குத்துக்கு ஆறு கட். கை ஓங்குவது ஒருவன், விழுவது ஒருவன், நடுவில் டூப். அதற்கு விசில் அடிப்பீர்கள்.

சரி, டப்பிங்.

'ஒரிஜினல் மொழியில் சப்டைட்டிலோடு போட்டிருந்தால் மரியாதையாகப் பார்த்திருப்போம்' என்று ஒரு உலக சினிமா ஆர்வலர் எழுதியிருக்கிறார். எந்த ஒரிஜினல், சார்? அந்தக் காலத்து ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஊமையாகத்தான் எடுத்தார்கள். படப்பிடிப்பில் ஒலி பதிவதே கிடையாது. எடுத்து முடித்தபிறகு மாண்டரினில் ஒரு குரல், கான்டனீசில் ஒரு குரல், வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு குரல். பல நடிகர்களுக்கு எந்த மொழியிலும் சொந்தக் குரல் இல்லை. ஒரிஜினலே டப்பிங்தான். ஆங்கிலத்தைப் பேசியது ஹாங்காங்கில் குடியிருந்த ஒரு சின்னக் கூட்டம். அதே நாலு பேர் எல்லாப் படத்திலும் வருகிற மாதிரி இருக்கும், கிழவனுக்கும் வில்லனுக்கும் ஒரே தொண்டை. சீன வாய் அசைவை நிரப்ப வேண்டுமே, அதனால் 'ஆனால்', 'இருந்தாலும்', 'ஹா' என்று இழுத்துப் போடுவார்கள். டப்பிங் துறையில் இருக்கிற என் நண்பர் ஒருவர் சொல்வார்: வாய் மூடுகிற இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும், விழவில்லையென்றால் ஒரு 'டேய்' போட்டுச் சமாளி. இதைத்தான் அவர்களும் செய்தார்கள். அவசரம், காசு கம்மி. அது அந்தக் குரல் கொடுத்தவர்களின் பிரச்சினை. வாளி தூக்கியவன் என்ன பாவம் செய்தான்?

அதுவும் சிரித்தவர்கள் யார்? தமிழர்கள். 'கில்லி'யில் த்ரிஷாவுக்குக் குரல் சவிதா ரெட்டி. '96'இல் சின்மயி. ஜானுவுக்காக உருகி உருகி ஸ்டேட்டஸ் போட்டபோது வாய் வேறு குரல் வேறு என்று உங்களுக்கு உறுத்தவில்லை. நாமும் வாழ்நாள் முழுக்க டப்பிங்தான் பார்த்திருக்கிறோம், நன்றாகச் செய்த டப்பிங். இன்னொன்று. 2011இல் '7ஆம் அறிவு' வந்தபோது ஷாவோலினுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று மார்தட்டியவர்கள் இரண்டு பேராவது அந்த மாடியில் இருந்தார்கள். ஷாவோலின் நம்முடையது என்றால் பெருமை. ஷாவோலின் படம் என்றால் கிரிஞ்ச்.

'பெண்களே இல்லாத படங்கள்' என்று ஒரு தோழி. 1966இலேயே செங் பெய்-பெய் என்ற நடிகை வாள் எடுத்துச் சத்திரம் முழுக்க ஆண்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார். மற்றபடி நீங்கள் சொல்வது சரிதான், விடுங்கள். 'ஷா பிரதர்ஸ் எப்படிக் குறைந்த செலவுப் படம் ஆகும், ஸ்டுடியோவே வைத்திருந்தார்களே' என்று கேட்டவருக்கு: அழைப்பிதழில் நான் எழுதியது தப்பு. போதுமா?

'வெறும் நாஸ்டால்ஜியா' என்பதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை இந்தப் படங்களுக்குக் கூட்டிப்போனவர் சித்தப்பா. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி, தரை டிக்கெட், நான் மூன்றாவதோ நாலாவதோ படிக்கிறேன். படம் ஆங்கில டப்பிங்கில் ஓடும். தியேட்டரில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது, அதனால் டப்பிங் நன்றாக இருக்கிறதா மோசமா என்ற கேள்வியே எங்களுக்கு வந்ததில்லை. சித்தப்பா என் காதருகில் குனிந்து கதை சொல்வார். "டேய், இவன் வாத்தியாரை அவன் கொன்னுட்டான். இனி விடமாட்டான் பாரு." முக்கால்வாசிப் படங்களுக்கு இதுவே போதும்.

'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' அப்படித்தான் பார்த்தேன். 1976இல் வந்த படம், எங்கள் ஊருக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. கண் தெரியாத ஒரு கிழவன் சங்கிலியில் கட்டிய ஒரு வினோத ஆயுதத்தை வீசுவான். அது பறந்துபோய் எதிராளியின் தலையில் கூடை மாதிரிக் கவிழும், சுண்டி இழுத்தால் தலை போய்விடும். சித்தப்பா அதற்கு வைத்த பெயர் 'கொட்டான்'. இன்றைக்கும் எனக்கு அது கொட்டான்தான். அந்தக் கிழவன்தான் நாயகனுடைய அப்பா, ஆளை அடையாளம் தெரியாமல் கொல்ல வருகிறான் என்று சொன்னார். நான் நடுங்கிக்கொண்டு பார்த்தேன். இருபது வருஷம் கழித்து டிவிடியில் சப்டைட்டிலோடு பார்த்தால் அப்பாவும் இல்லை, மண்ணும் இல்லை. செத்துப்போன இரண்டு சீடர்களுக்காகப் பழிவாங்க வந்தவன். சித்தப்பா கதைதான் மேல்.

இதைச் சொன்னாலும் சிரிப்பீர்கள். ஆனால் காட்ஃப்ரே ஹோ என்று ஒரு இயக்குநர் 80களில் இதைத் தொழிலாகவே செய்தார். யாரோ எடுத்த பழைய படத்தை வாங்குவது, சில வெள்ளைக்காரர்களுக்கு நிஞ்சா உடுப்பு மாட்டி நாலு காட்சி எடுத்துச் சொருகுவது, மொத்தத்துக்கும் புதிதாக வசனம் பேசி ஒரே கதையாக்குவது. 1985இல் வந்த 'நிஞ்சா டெர்மினேட்டர்' படத்தில் நிஞ்சா மாஸ்டர், கார்ஃபீல்டு என்ற கார்ட்டூன் பூனை வடிவத்தில் இருக்கும் டெலிபோனில் பேசுவார். சத்தியமாக. அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன், மறைக்கவில்லை. அதற்குச் சிரியுங்கள். வாளி தூக்குகிறவனுக்கு ஏன் சிரிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கொட்டான் படத்தில் ஒரு இந்தியன் வருவான். சீன நடிகருக்குப் பழுப்புச் சாயம் பூசித் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். யோகா பலத்தில் அவன் கை ரப்பர் மாதிரி நீளும். 'இது இனவெறி இல்லையா' என்று கேட்பீர்கள். ஆமாம், இன்றைக்குப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குத் தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்று விசில் அடித்தது, நம்ம ஆள் என்று. அவன் தோற்றபோது என் பக்கத்தில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். படத்துக்குப் பின்னணி இசைகூடச் சொந்தமில்லை, 'நொய்!' என்ற ஜெர்மன் இசைக்குழுவின் பாட்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். திருட்டுதான். ஒத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா அந்த விசிலில் கலந்துகொள்ளவில்லை. அவர் நாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாயகனுக்கு ஒரு கைதான். படம் முழுக்க ஒற்றைக் கையால்தான் சண்டை.

சித்தப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கட்டிங் மிஷினில் போனது, நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம். அச்சகத்தில் ஒரு மாசச் சம்பளம் கொடுத்து, ஆறியதும் அதே மிஷினுக்கு அனுப்பினார்கள். மண்வெட்டிக் காம்பை இரண்டாக அறுத்து, நடுவில் சைக்கிள் சங்கிலி கோத்து, மொட்டைமாடியில் சுழற்றுவார். மூன்று விரலில் பிடிப்பு நிற்காது, கட்டை நழுவி முழங்கையில் அடிக்கும். மறுபடி எடுப்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இடது கையால் சுழற்ற அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அவர் இந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. 'டுஷ்' 'டுஷ்' என்று தகர டப்பாவில் தட்டுகிற மாதிரிச் சத்தம் வரும்போதும் சிரித்ததில்லை.

நாஸ்டால்ஜியா என்று சொல்லுங்கள், வயசாயிடுச்சு என்று சொல்லுங்கள், பூமர் அங்கிள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். தம்பி, உங்கள் குறும்படத்தை இதே மாடியில் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? ஒலி சரியாக விழவில்லை. வசனம் பாதி கேட்கவே இல்லை. இருபத்திரண்டு நிமிடமும் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் செல்போனைத் தூக்கவில்லை. கைதட்டினோம். கோபத்தில் சொல்லவில்லை, ஞாபகம் வந்தது, சொல்கிறேன்.

நாற்பதாவது நிமிடத்தில் டீ வந்தது. டீ குடித்தபிறகு யாரும் திரும்பி உட்காரவில்லை. பாதிப் படம்கூட ஓடவில்லை. அந்த மடத்தில் இருப்பது 35 அறைகள்தான். 36ஆவது எது, அதை நாயகன் யாருக்காகக் கேட்கிறான் என்பது கடைசியில்தான் வரும். ரீல் போட்டவருக்கு அது தெரியாது. நான் சொல்லவும் போவதில்லை.

என் ஜங்ஷன் பாக்ஸ் மாடியிலேயே இருக்கிறது, வெள்ளை நிறம், வயரில் பச்சை டேப் சுற்றியிருக்கும். அவசரமாகக் கிளம்பியதில் விட்டுவிட்டேன். யாராவது எடுத்து நூலகர் மேசையில் வைத்துவிடுங்கள், வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.