அன்னாவை அழைத்துவரப் போன கார்

போன ஞாயிறு எங்கள் சங்க வகுப்பில் ஓர் இளம் தோழர் கேட்டார்: "தோழர், ஆட்சியே தொழிலாளியோடதுன்னா, போலந்துல தொழிலாளி எதுக்கு ஸ்டிரைக் பண்ணினான்?" வகுப்பு எடுத்த மூத்த தோழர், "எல்லாம் ஏகாதிபத்தியச் சதிப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரமாக அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட போலந்து. 1970 டிசம்பர் 12, சனிக்கிழமை மாலை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மாவு, இறைச்சி, மீன், ஜாம் எல்லாம் மறுநாள் முதல் விலை ஏறுகிறது என்று அறிவித்தார்கள். அதோடு, டிவி, ஃபிரிட்ஜ் விலையைக் குறைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்கள். பண்டிகைச் சமையலுக்குக் காசு சேர்த்து வைத்திருந்த வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை கடலோர நகரமான க்டான்ஸ்கின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நின்றது. தொழிலாளர்கள் ஊர்வலமாகப் போனது கட்சியின் மாகாணக் குழு அலுவலகத்துக்கு. மறுநாள் அந்தக் கட்டடம் எரிந்தது. இதைத்தான் நம் ஆட்கள் 'கலவரக்காரர்கள்' என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் வேறு எங்கே போயிருக்க முடியும்? நம் ஊரில் முதலாளியோடு சண்டை என்றால் சங்கம் இருக்கிறது, தொழிலாளர் துறை இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, நாலு பத்திரிகையில் ஒன்றாவது எழுதும். அங்கே முதலாளியும் கட்சி, சங்கத் தலைவரை உட்கார வைப்பதும் கட்சி, பத்திரிகையும் கட்சி, போலீசும் கட்சி. சங்கம் என்ற பெயரில் இருந்தது விடுமுறை இல்லத்துக்குச் சீட்டு ஒதுக்கும் அலுவலகம். மனு கொடுக்கக்கூட ஒரு மேஜை இல்லாத இடத்தில், கறி விலை பற்றிய கேள்வி நேராக ஆட்சியைப் பற்றிய கேள்வியாகத்தான் மாறும்.

அடுத்து நடந்ததை நான் எத்தனை முறை படித்தாலும் கை நடுங்குகிறது. பக்கத்து ஊர் க்டினியா. டிசம்பர் 16 மாலை துணைப் பிரதமர் கோச்சியோலெக் டிவியில் வந்து, எல்லோரும் வேலைக்குத் திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். 17ஆம் தேதி விடியற்காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் மின்ரயிலில் வந்து இறங்கினார்கள். தளத்துக்குப் போகும் வழியை ராணுவம் அடைத்து நின்றது. பின்னால் அடுத்தடுத்த ரயில்கள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்பவும் வழியில்லை. சுட்டார்கள். மறியல் செய்யப் போனவர்கள் அல்ல, மந்திரி கூப்பிட்டார் என்று வேலைக்கு வந்தவர்கள். சுடப்பட்ட ஓர் 18 வயதுப் பையனின் உடலை ஒரு கதவின்மேல் கிடத்தி, ஊரின் பெரிய தெருவழியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த டிசம்பரில் கடலோர நகரங்களில் செத்தவர்கள் 40க்கும் மேல். பலரை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். குடும்பத்தில் சிலரை மட்டும் வரச்சொல்லி, அவசர அவசரமாகச் சடங்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். சாவுக்கு ஊர் கூடுவதையே தடுத்த ஆட்சி அது.

கட்சித் தலைவர் கொமுல்கா போனார், கியெரெக் வந்தார். ஆனால் விலை இறங்கவில்லை. அதை இறக்கியது 1971 பிப்ரவரியில் லோட்ஸ் நகரின் பஞ்சாலைப் பெண்கள். நூலும் தறியுமாய் மூன்று ஷிஃப்ட் பார்த்தவர்கள். பிரதமரே நேரில் வந்து பேசினார், அவர்கள் அசையவில்லை. விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. பஞ்சாலைத் தொழிலாளர் வரலாறு பேசும் நம் மேடைகளில் இந்தப் பெண்களைப் பற்றி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

1976லும் இதே கதை. விலையேற்றம், ராதோம் நகரில் கட்சி அலுவலக எரிப்பு, போலீஸ் தடியடி. விலையேற்றம் ஒரே நாளில் வாபஸ். வேலை இழந்தவர்களுக்கு வக்கீல் வைக்கவும் பண உதவி செய்யவும் சில அறிவுஜீவிகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான யாசெக் குரோன் சொன்னதாக வழங்கும் ஒரு பேச்சு உண்டு: கட்சிக் குழு அலுவலகங்களை எரிக்காதீர்கள், சொந்தக் குழுக்களை அமையுங்கள்.

சரி, 1980க்கு வருவோம். ஜூலையில் ஸ்விட்னிக் ஊரின் ஹெலிகாப்டர் தொழிற்சாலை கேன்டீனில் பன்றிக்கறி கட்லெட் 10.20 ஸ்லோட்டியிலிருந்து (போலந்து நாணயம்) 18.10 ஆனது. சாப்பாட்டு இடைவேளையோடு வேலை நின்றது. அது ஊர் ஊராகப் பரவி ஆகஸ்டில் க்டான்ஸ்க் வந்தபோது அங்கே பற்றிக்கொள்ளக் காரணமாக இருந்தவர் கிரேன் ஓட்டும் ஒரு பெண். அன்னா வாலன்டினோவிச்.

அன்னாவைத்தான் அந்தத் தம்பிக்கு அறிமுகம் செய்ய நினைக்கிறேன். 1950இல் வெல்டராக வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஆட்சியின் இளைஞர் அமைப்பில் இருந்தவர், 1951இல் பெர்லினில் நடந்த இளைஞர் விழாவுக்கு அனுப்பப்பட்டவர். எதிரி முகாமிலிருந்து வந்தவர் அல்ல, அந்த ஆட்சி வளர்த்த பிள்ளை. 1978இல் கடலோரச் சுதந்திரத் தொழிற்சங்கம் என்ற சட்டவிரோதச் சங்கத்தில் சேர்ந்து துண்டறிக்கை கொடுத்தார். 1980 ஆகஸ்ட் 7 அன்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தது. முப்பது வருடம் உழைத்த ஒருவரை ஐந்து மாதம் பாக்கி இருக்கும்போது நீக்குவதற்கு என்ன அர்த்தம் என்று ஆலைகளில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 14 காலை வேலைநிறுத்தம். கோரிக்கை: அன்னாவையும், ஏற்கெனவே நீக்கப்பட்ட எலக்ட்ரீஷியன் லேக் வலேசாவையும் திரும்ப எடு, சம்பளம் உயர்த்து, 1970இல் செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வை. அன்னாவை அழைத்துவர நிர்வாக இயக்குநரின் காரையே அனுப்ப வேண்டும் என்றார்கள். கார் போனது. அன்னா அதில் வந்து இறங்கினார்.

மூன்றாம் நாள் நிர்வாகம் சம்பள உயர்வுக்கு ஒப்புக்கொண்டது. வலேசா போராட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் இவர்களை நம்பி வேலையை நிறுத்திய சின்னச் சின்ன ஆலைக்காரர்கள், பேருந்து, டிராம் ஓட்டுநர்கள் கதி? டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா, நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, அன்னா. இந்தப் பெண்கள் கேட்டுக்கு ஓடி, போகிறவர்களை மறித்து நின்று பேசினார்கள். நீங்கள் போய்விட்டால் எங்களை நசுக்கிவிடுவார்கள் என்றார்கள். கொஞ்சம் பேர்தான் தங்கினார்கள். அந்தக் கொஞ்சம் பேர்தான் அன்றிரவு எல்லா ஆலைகளுக்கும் சேர்த்து ஒரு போராட்டக் குழுவை அமைத்தார்கள். அந்த இரவு இல்லாவிட்டால் க்டான்ஸ்க் ஒரு சம்பள உயர்வுச் செய்தியாக முடிந்திருக்கும்.

அவர்கள் எழுதிய 21 கோரிக்கைகளைப் பலகையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கை, கட்சியைச் சாராத தொழிற்சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்த உரிமை. ஒன்பதாவது, விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏற வேண்டும். நம் பாஷையில் பஞ்சப்படி. அப்புறம் கறிக்கு ரேஷன் அட்டை, குழந்தைகள் காப்பகத்தில் இடம், சனிக்கிழமை விடுமுறை. கட்சிக்காரர்களுக்கும் போலீசுக்கும் இருக்கும் தனிச் சலுகைகளை ஒழிப்பதும் உண்டு. எந்த வாசகத்தில் ஏகாதிபத்தியம் இருக்கிறது? ஆலையைத் தனியாருக்குக் கொடு என்று ஒரு வரி உண்டா? நம் வாயிற்கூட்டத்தில் வாசித்தால் நம் கோரிக்கை என்றே நினைப்பார்கள்.

ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்துப் போட்டது. பிறந்த சங்கம் சாலிடாரிட்டி, சுமார் ஒரு கோடி உறுப்பினர்கள். டிசம்பர் 16 அன்று தளத்தின் வாசலில் மூன்று பெரிய சிலுவைகளோடு நினைவுச்சின்னம் எழுந்தது. பத்து வருடம் முன்பு இரவில் புதைக்கப்பட்டவர்களுக்கு ஊர் கூடி அழ இடம் கிடைத்தது.

அடுத்த வருடம் டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது, மூன்று நாள் கழித்து வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் நிறையப் பேர் எழுதியதுதான்.

"பார், அப்புறம் முதலாளித்துவம்தானே வந்தது" என்பார் நம் மூத்த தோழர். வந்தது. 1996இல் அந்தக் கப்பல் தளமே திவாலானது. அன்னாவும் வலேசாவோடு முறித்துக்கொண்டு, 2010இல் விமான விபத்தில் சாகும்வரை அவரை விமர்சித்துக்கொண்டே இருந்தார். பின்னால் நேர்ந்த அநியாயத்தைக் காட்டி முன்னால் கேட்ட நியாயத்தை ரத்து செய்ய முடியுமா? க்டினியா ஸ்டேஷனில் விழுந்தவன் கருங்காலி அல்ல, தோழர். நம் ஆள். அவனைச் சதிகாரன் என்று சொன்ன ஒவ்வொரு வகுப்பிலும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. 21 கோரிக்கைகளையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாக வாசிக்கப் போகிறேன். கேள்வி கேட்ட அந்தத் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன். மூத்த தோழரும் அவசியம் வர வேண்டும்.